சீனக்குடா: 91ஆம் தாங்கி

யாழ்ப்பாணத்தாருக்குப் பலாலி போலத் திருகோணமலையாருக்குச் சீனக்குடா. இரண்டும் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை பறந்த ஓடுதளங்கள். பலாலியில் இன்று சென்னை விமானம் இறங்குகிறது. சீனக்குடாவிலோ இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம். பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, சின்னப் புகையிரத நிலையம் என்று ஊர் தன் பாட்டில் இயங்குகிறது.

ஊரின் பெயரைத் தூரத்தில் அறியவைத்தவை எண்ணெய்த் தாங்கிகள். போருக்கு முன்பே பிரித்தானியர் கட்டிய 101 தாங்கிகள். ஒன்றில் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். மேட்டுப் பக்கத் தாங்கிகள் பலவற்றைக் காடு மூடிவிட்டது.

1942 ஏப்ரல் 9 காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. சீனக்குடாவிலிருந்து பிரித்தானியரின் ஹரிகேன், புல்மர் விமானங்கள் எழும்பிச் சண்டையிட்டன. 8 ஹரிகேன்களும் 3 புல்மர்களும் திரும்பவில்லை. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு விலகிய பிரித்தானிய ஹெர்மிஸ் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக் கடலில் அது மூழ்கியபோது 307 பேர் மாண்டார்கள்.

அன்று ஒரு ஜப்பானிய விமானம் 91ஆம் தாங்கியில் மோதியது. வேண்டுமென்றே மோதினார்கள் என்பதுதான் ஊரில் வழங்கும் கதை. ஏழு நாள் எரிந்ததாம். விமானி ஷிகெனோரி வதனபே என்றும், உடன் இருவர் என்றும் சொல்வார்கள். மூன்று பேர் ஏறியது என்றால் அது சண்டை விமானமாக இராது, குண்டுவீச்சு விமானம்தான்; ஜப்பானியரின் சீரோ ஒற்றை ஆள் ஏறுவது. தற்கொலைத் தாக்குதல் என்ற முடிவும் எனக்கு அவசரமாகவே படுகிறது. அடிபட்டு விழுகிற விமானத்துக்கு எங்கே விழுவதென்று தெரிவுசெய்ய எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்?

எதுவானாலும், உருகி வளைந்த இரும்புத் தகடுகளே அவர்களின் நினைவுச்சின்னமாகிவிட்டன. அதைப் பார்க்க ஆள் வருகிறது. எதிர்த்துப் பறந்தவர்களின் பெயர்களை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நிலாவெளி வீதியில், உப்புவெளிப் பக்கம், பொதுநலவாய யுத்த மயானத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கடற்கரைக்குப் போகும் வாகனங்கள் அதன் வாசலைக் கடந்தே போகின்றன. தாக்க வந்தவனுக்குக் கதை வாய்த்தது, காத்தவனுக்கு வாய்க்கவில்லை.

2022 ஜனவரியில் இந்தத் தாங்கிகள் பற்றி இந்தியாவுடன் ஒப்பந்தம் ஆனது. லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்து புதுப்பிக்க 61. கூட்டினால் 99. அந்தப் பங்கீட்டில் 91ஆம் தாங்கி யாருக்கும் இல்லை.