மன்னர் ஏறா ஊர்தி

பிரெஞ்சு நாட்டின் அல்சாசுப் பகுதியில் மோல்சைம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே மோட்டார்த் தொழிற்சாலை நடத்திய எத்தோரே புகாட்டி, 1881இல் மிலான் நகரில் கலைஞர் குடியில் பிறந்தவர். பந்தய வண்டிகளால் புகழெய்திய அவர், முடிமன்னர்க்கெனவே ஓர் ஊர்தி சமைக்க விரும்பினார். அதற்கு, அரசர்க்குரியது என்னும் பொருள்பட 'ரோயால்' எனப் பெயரிட்டார்.

எட்டு உருளைகளும் 12.7 லிட்டர் கொள்ளளவும் உடையது அதன் எந்திரம். முகப்பிலே துதிக்கை உயர்த்திய வெள்ளி யானை ஒன்று நிற்கும். அது, சிற்பியாய் விளங்கி 1916இல் மறைந்த தம்பி ரெம்பிராண்டு வடித்த உருவம். அண்ணன் செய்த ஊர்திக்கு முன்னே தம்பியின் கைத்திறம் சென்றது!

இருபத்தைந்து ஊர்திகள் செய்யக் கருதினார் புகாட்டி. 1929இல் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. மன்னர் ஒருவரும் வாங்கிலர், விலைபோனவை மூன்றே. அவற்றுள் ஒன்றை வாங்கிய துணி வணிகர், இரவில் வண்டி செலுத்துவதில்லையாதலின் முகவிளக்கே வேண்டாமென்றாராம்!

ஆயினும் எந்திரங்கள் வாளா கிடக்கவில்லை. புகாட்டி அவற்றை இருப்புப்பாதைக்குத் திருப்பினார். 1933 முதல் அவை பூட்டிய இரயில் வண்டிகள் பிரெஞ்சு நாட்டில் ஓடின. 1934இல் ஒன்று மணிக்கு 190 கிலோமீட்டரையும் கடந்தது. நலிந்த தொழிற்சாலையை அவ்வண்டிகளே தாங்கின. மன்னர்க்கென வார்த்த எந்திரம், பயணச்சீட்டு வாங்கிய எவரையும் ஏற்றிச் சென்றது.