முழங்காலளவு கடல்

ஏறக்குறைய நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலத்தில் வாழ்ந்தும், கடலை ஓர் இன்பப் பொருளாக எண்ணாமலே வாழ்ந்து பழகியவர்கள் யாழ்ப்பாணத்தவராகிய நாம். எங்கள் ஊராகிய சுழிபுரத்திலிருந்து திருவடிநிலைக் கடல் நடந்து போகும் தூரந்தான். ஆயினும் என் இளமையில் அங்கே நாங்கள் போனது கடமை பற்றியே. தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையன்று தீர்த்தமாடப் போவர். வீட்டில் ஒருவர் மறைந்தால் அந்தியேட்டிக்காகப் போவர். மீன்பிடிப்போர் பிழைப்புக்காகப் போவர். சும்மா போய்க் குளித்து வருவோம் என்று சிறுவர்கள் கேட்டால், "தடிமன் பிடிக்கும், வெயிலிலே கறுத்துப் போவாய்" என்பதே பெரியவர்களின் மறுமொழி. கடற்காற்று வாங்குவது வெள்ளைக்காரர் வேலை என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

ஆகையால், இவ்வாண்டு ஆனி மாதத்தில் கனடாவிலிருந்து என் தமக்கையார் தொலைபேசியில், "தம்பி, ஆவணியிலை பிள்ளைகளோடை வாறம். காரைநகர்க் கடற்கரைக்குக் கிட்ட இரண்டு நாளைக்கு அறை எடுத்திருக்கிறார் உன்ரை அத்தான்" என்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சற்று மனத்தாங்கலும் உண்டாயிற்று. சொந்த வீடு சுழிபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காரைநகரின் கசூரினாக் கடற்கரைக்கு வாகனத்தில் அரைமணி நேரம். சொந்த வீட்டிலிருந்து அரைமணித் தூரத்தில் வாடகைக்கு அறை எடுப்பவரை என்னவென்று சொல்வது?

சொந்த வீடு என்று எளிதாக எழுதிவிட்டேன். உண்மையில் அது அக்காவின் சீதன வீடு. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்து வைத்த தேசவழமை இன்றும் எங்கள் காணி பூமிகளை ஆள்கிறது; சீதனமாகக் கொடுத்த வீடு பெண்ணுக்கே உரியது. அதிலே தம்பிக்கு ஓர் ஓடுகூடச் சொந்தமன்று. எங்கள் வீட்டில் அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி, இடையே பதினைந்து ஆண்டு. 1985 இல் அவருக்கு மணமாயிற்று. அத்தான் 1987 இல் கனடாவுக்குப் போனார். அக்கா 1989 இல் போய்ச் சேர்ந்தார். அன்றுதொட்டு அந்த வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அம்மா வீட்டுத் திறப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். மறு ஆண்டு திரும்பியபோது திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. பின்னர் அத்தான் பணம் அனுப்பினார். நான் நின்று கதவு போடுவித்தேன், ஓடு மாற்றினேன், மணமுடித்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு கூரையின்கீழ் இருந்தவனுக்கு அது யாருடைய கூரை என்ற நினைவு மங்கிப்போவது இயல்பன்றோ?

அத்தான் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு. ஓய்வுபெற்றவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள் என்றால், ஒன்றில் வீட்டை விற்க வருகிறார்கள், அல்லது வாழ வருகிறார்கள். இரண்டில் எதுவானாலும் என் நிலை என்ன? வெளியே சொல்லவில்லை, ஆனால் வயிற்றில் புளியைக் கரைத்தது. மனைவியோடும் இரண்டு இரவு இதே பேச்சு.

ஓய்வு என்ற சொல்லுக்கு எங்கள் பாட்டன்மார் காலத்தில் வேறு பொருள் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் தாம் கற்ற ஆங்கிலத்தின் துணையோடு மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயும் ஸ்ரேசன் மாஸ்ரராயும் உழைத்தனர். ஓய்வுபெற்றதும் அவர்களுட் பலர் ஊருக்கே திரும்பிக் கல்வீடு கட்டினர், கோயிற்றிருப்பணி செய்தனர், மாதந்தோறும் மலாயாவிலிருந்து வரும் ஓய்வூதியத்தில் விறாந்தைச் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து, தெருவிற் போவோரை ஆங்கிலத்தில் விசாரித்தனர். 'மலாயன் பென்சனியர்' என்றால் அக்காலத்தில் அது ஒரு பட்டம். காரைநகரார் கதை வேறு. அவர்கள் தென்னிலங்கையின் பட்டினங்களிற் கடை வைத்து வாழ்ந்தவர்கள். ஆயினும் மார்கழித் திருவாதிரைக்கு, ஈழத்துச் சிதம்பரம் எனப்படும் தங்கள் சிவன் கோயிலுக்கு வந்து சேர்வர். முதுமையிற் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊரோடு இருந்துவிடுவர். அவர்களுக்கெல்லாம் ஓய்வென்றால் திரும்புதல்.

எங்கள் அத்தானுக்கோ ஓய்வென்றால் புறப்படுதல். முப்பது ஆண்டு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர்; பனியிலே பஸ்ஸுக்குக் காத்து நின்றவர். ஓய்வு கிடைத்ததும் முதலிற் கியூபாவின் வரதேரோக் கடற்கரைக்குப் போனார். அடுத்து மெக்சிக்கோவின் கன்கூனுக்கு. "கையிலே ஒரு பட்டி கட்டிவிடுவான் தம்பி. அது கையிலை இருந்தால் எதைக் கேட்டாலும் காசில்லை" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அக்கா குறுக்கிட்டு, "புட்டுக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார்.

ஆவணியில் வந்தார்கள். அக்கா, அத்தான், மகன், மருமகள், பேத்தி ஒருத்தி. நாங்கள் நால்வர். ஒரு சனிக்கிழமை காலையில் வாகனம் பொன்னாலைப் பாலத்தில் ஏறியது. இருபுறமும் ஆழமற்ற நீர். தடி நட்டு வலை கட்டிய மீன்பொறிகள். ஒற்றைக் காலிற் கொக்குகள். பாலத்தைக் கடந்தால் காரைநகர். முற்காலத்தில் காரைதீவு என்று வழங்கிய இவ்வூர் ஒரு தீவு என்பதைப் பாலம் வந்தபின் நாம் மறந்துவிட்டோம்.

சவுக்கு மரத்தின் ஆங்கிலப் பெயரே கசூரினா. மரத்தின் பெயர் கரைக்கும் ஆயிற்று. வாயிலில் ரிக்கற் எடுக்கவேண்டும் என்றதும் அத்தான், "கடலுக்கும் ரிக்கற்றோ!" என்று வியந்தார். வரதேரோவில் எத்தனை ஆயிரம் கொடுத்தீர்கள் என்று கேட்க எண்ணிப் பேசாதிருந்தேன். தெற்கிலிருந்து வந்த பஸ்களில் சிங்களக் குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பாட்டிமார் சேலையோடும் ஒசரியோடும் நீரில் உட்கார்ந்திருந்தனர்.

பேத்தி கடலைக் கண்டதும் ஓடிப்போய் நின்று, ஏமாற்றத்தோடு திரும்பிப் பார்த்தாள். "ஏன் இங்கே அலை இல்லை?" என்று அவளுக்குத் தெரிந்த தமிழிற் கேட்டாள். புவியியல் கற்பிப்பவன் வாளாவிருப்பேனா? இது தீவின் வடகரை. இப்போது வீசும் சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் இக்கரை அதன் ஒதுக்கில் இருக்கிறது. அதனோடு, யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் பாறை கடலுக்கடியிலும் மெல்லச் சரிந்து நெடுந்தூரம் போகிறது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதியும் ஆழங்குறைந்ததே. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பங்கு பனிப்பாறையாய் உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றையிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. இந்தியாவுக்கு நடந்தே போகலாம். வாடைக் காற்றுத் தொடங்கட்டும், இதே கடலில் அலையைக் காண்பாய். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் என் மகனோடு சேர்ந்து நெடுந்தூரம் நடந்துவிட்டாள். அவ்வளவு தூரம் போயும் தண்ணீர் அவளுக்கு இடுப்பைத் தாண்டவில்லை.

நண்பகலிற் கூழ். வாடகை அறையின் பின்முற்றத்தில் கல் வைத்து என் மனைவி காய்ச்சினாள். ஒடியல் மாவும், நண்டும், இறாலும், மீனும், பயற்றங்காயும், மரவள்ளிக் கிழங்கும், முருங்கையிலையும், பலாக்கொட்டையும் ஒரே பானையில் வெந்து, புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்து எழுந்த அந்த மணத்துக்கு, அடுத்த அறையிலிருந்த வெளிநாட்டார் இருவரும் எட்டிப் பார்த்தனர். சவுக்கு நிழலில் எல்லோரும் வட்டமாக இருந்து பலாவிலையைக் கோலிக் குடித்தோம். அத்தான் மூன்று முறை வாங்கிக் குடித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், பிறகு கணக்குப் பேசத் தொடங்கினார்.

கனடாவில் ஓய்வுபெற்றவர்கள் நாள் எண்ணி வாழ்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி நீடிக்கவேண்டுமானால், பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது அங்கே தங்கியிருக்கவேண்டும். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு ஓய்வூதியத்தோடு சேர்த்துக் கொடுக்கும் உதவிப்பணம், ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் நின்றுவிடும். மலாயன் பென்சனியருக்குப் பின்னாலே பணம் வந்தது. இவர்களோ பணத்தின் பின்னாலே திரும்பிப் போகவேண்டியவர்கள். "எனக்கு இருதயத்துக்கு மருந்து. மூன்று மாதத்துக்கொருமுறை வைத்தியரைக் காட்டவேணும். என்னாலை ஒரு மாதத்துக்கு மேலை எங்கேயும் நிற்கேலாது தம்பி" என்று அத்தான் சொன்னபோது, என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதை மறைக்க மாட்டேன். அப்படியானால் வாழ வரவில்லை. விற்கவோ?

அக்கா அப்போது எழுந்து, சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு கடலை நோக்கி நடந்தார். "தம்பி, நீயும் வா."

முழங்காலளவு நீரில் நெடுநேரம் நின்றோம். "திருவடிநிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கிழக்கே கையைக் காட்டினேன். 2007 தையில் அம்மா காலமானார். ஏ-9 வீதி முந்திய ஆவணியிலேயே மூடப்பட்டுவிட்டது. அக்காவால் வர முடியவில்லை. அன்றிரவு தொலைபேசியில் அவர் அழுததைத் தவிர வேறொன்றும் என் காதில் விழவில்லை. திருவடிநிலைக் கடலில் அம்மாவின் அஸ்தியைக் கரைத்தவன் நான். அக்கா குனிந்து இரு கையாலும் நீரை அள்ளினார்; சற்று நேரம் வைத்திருந்துவிட்டு விட்டார். பிறகு என்னைப் பாராமலே பேசினார்.

"அம்மா படுத்திருந்த அறை, கிழக்குப் பக்கத்து அறை. இப்ப உன்ரை புத்தகங்கள்தானே இருக்குது? மார்கழி தொடக்கம் பங்குனி மட்டும் எனக்கு அதை விடுவியோ? அத்தான் ஒரு மாதம் வந்து நிற்பார். மற்ற மாதம் நான் தனியத்தான். வேணுமெண்டால் வாடகை தாறன்."

வாசகர்களே, சொந்த வீட்டில் ஓர் அறைக்கு அக்கா என்னிடம் வாடகை பேசினார். நீரின் அடியில் என் கால்கள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, அது உங்கடை வீடல்லோ?" என்றேன் கடைசியில்.

"என்ரை வீடெண்டு எனக்குத் தெரியும். உன்ரை பிள்ளைகள் பிறந்த வீடும் அதுதானே. அதுதான் கேக்கிறன்." சற்றுப் பொறுத்து, "அறை எடுத்ததும் அதுக்குத்தான். பெடியளுக்குச் சோதனை நேரம், நாங்கள் ஐந்து பேர் வந்து இறங்கினால் அவங்கள் எங்கே படிக்கிறது எண்டு அத்தான்தான் சொன்னவர்" என்றார்.

"அத்தான் சம்மதமோ, நீங்கள் தனிய நிற்கிறதுக்கு?"

"இல்லை" என்றார் அக்கா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய நாற்பது ஆண்டு வாழ்க்கையில் அத்தானின் சம்மதமின்றி அவர் எடுத்த முதல் முடிவு அதுவாக இருக்கலாம். கரையில் அத்தான் துவாயைத் தோளிற் போட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இரவிலே அவர்கள் அறையில் மெல்லிய குரலில் நெடுநேரம் வாதம் நடந்தது; பேத்தி பாதியில் எழுந்து வந்து எங்கள் பாயில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஊர்காவற்றுறைப் பக்கம் கடல் நடுவே இருக்கும் கோட்டையைப் பார்க்கப் போனோம். போர்த்துக்கேயர் கட்டியது; 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது; பின்பு சிறையாக இருந்து, இப்போது கடற்படையினரின் விருந்தினர் விடுதியாக இருக்கிறது. அத்தான் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. திரும்பும் வழியில் மாத்திரம், "அந்த அறைக்கு மின்விசிறி இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் புத்தகங்களை அகற்றினேன். பெரிய அலுமாரி கதவால் வர மறுத்துவிட்டது. தச்சரை அழைத்துக் கழற்ற வேண்டியதாயிற்று. பழைய வினாத்தாள்களிற் பாதியைக் கறையான் முன்னமே திருத்திவிட்டிருந்தது. என் மனைவி சுவருக்கு வெள்ளை அடிப்பித்து, மின்விசிறியும் பூட்டுவித்தாள். என் மேசை இப்போது விறாந்தையில் இருக்கிறது. மழைத் தூவானம் அடிக்கிறது என்று நான் முறைப்பட்டால், அம்மாவின் சாய்மனைக் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போடும்படி சொல்கிறாள்.

மார்கழி முதற்கிழமையில் பலாலியில் வந்து இறங்குவதாக அக்கா எழுதியிருக்கிறார். அத்தான் தைப்பொங்கலுக்கு வருவாராம். திரும்பும் நாளையும் இப்போதே எண்ணி வைத்திருக்கிறாராம்.