கடல் கடந்த கஞ்சில்

பினாங்குத் தீவில் குடியிருக்கும் ஒருவர் வேற்றூருக்கு மாறிப் போகும்போது, அவர் மட்டுமன்றி அவருடைய மகிழுந்தும் கடலைக் கடந்தாக வேண்டும். ஈப்போவிலோ சிரம்பானிலோ இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டால் போதும். தீவுக்காரருக்கோ எந்தத் திசையில் போனாலும் வழி நீரில் போய் முடிகிறது. இந்த நீரிணையில் 1894-ஆம் ஆண்டில் முறையான ஃபெர்ரிச் சேவை தொடங்கியது. 1925 முதல் வாகனங்களும் ஏறின. 1985 செப்டம்பரில் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் வரை, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சென்ற மகிழுந்துகள் ஃபெர்ரியின் தளத்தில் நின்றே கரை கண்டன.

அந்தத் தளத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நின்றவர் அவர். 1979-இல் வேலைக்குச் சேர்ந்தபோது மீசை சரியாக அரும்பவில்லை. ஏறி வரும் வண்டிகளுக்குக் கைகாட்டி, வரிசை பிசகாமல் நிறுத்தச் செய்வதே அவருடைய தொழில். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டால் போதும் என்பது அவருடைய கணக்கு. அதற்கு மேல் விட்டால் கடைசியில் ஒரு வண்டி கரையில் நின்றுவிடும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பட்டர்வொர்த்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்த ஒரு வண்டியின் அருமை தெரியும். அந்நாளைய பினாங்கு ஃபெர்ரிக்கு முன்பின் என்பது கிடையாது. இரு முனைகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு முனையில் ஏறிய வண்டி திரும்பாமல் மறுமுனையில் இறங்கிப் போயிற்று. கட்டணமும் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போது மட்டுமே வசூலிக்கப்பட்டது. தீவைவிட்டுப் போனவர் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எப்படியும் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

அவருடைய ஒரே மகளுக்கு 2024-ஆம் ஆண்டில் சபாவில் ஆசிரியப் பணி கிடைத்தது. பள்ளி கோத்தா கினபாலுவிலிருந்து தள்ளி, பேருந்து வசதி இல்லாத உட்பகுதியில் இருந்தது. வண்டி இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது. வீட்டில் இருந்ததோ பழைய பெரோடுவா கஞ்சில் ஒன்று. சருகுமானின் பெயரைத் தாங்கிய அந்தச் சின்ன மகிழுந்து 1994-இல் சந்தைக்கு வந்தது. 2009-உடன் அதன் தயாரிப்பு நின்றுபோயிற்று. இதை விற்றால் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதியைக் கப்பல் கூலியே விழுங்கிவிடும் என்றாள் மகள். அங்கே போய்த் தவணையில் ஒன்று வாங்கிக்கொள்வதே அறிவு என்பது அவள் வாதம். கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது.

"முன்பின் தெரியாத வண்டியை நம்பி நீ மலைப்பாதையில் போக வேண்டாம், அம்மா. இதன் உடம்பு எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

மனைவி யார் பக்கமும் பேசவில்லை. அடுத்த நாள் காலை, வண்டியின் பத்திரங்களை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தாள். அதுவே தீர்ப்பாயிற்று.

அந்தப் பத்திரங்களுள் காப்புறுதி ஒப்பந்தமும் இருந்தது. ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோமே தவிர, அதன் பொடி எழுத்துகளைப் படிப்பவர் எத்தனை பேர்? மகள் படித்தாள். வண்டி சாலை, இரயில், உள்நாட்டு நீர்வழி ஆகியவற்றில் ஏற்றிச் செல்லப்படும்போது நேரும் சேதத்துக்குக் காப்பு உண்டு. அதையடுத்து, பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள நீரிணையை நேரே கடக்கும் கடல்வழிக்கும் காப்பு உண்டு என்று எழுதியிருந்தது. மலேசிய வாகனக் காப்புறுதியில் வழக்கமாக இடம்பெறும் வாசகம் அது. தாம் அரை ஆயுளைக் கழித்த அந்த மூன்று கிலோமீட்டர் நீர் நாடு முழுவதும் ஓடும் வண்டிகளின் பத்திரங்களில் எழுதப்பட்டிருப்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. மகளை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

ஆனால், தென் சீனக் கடல் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தனியே கடல்வழிக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்றார் கப்பல் முகவர். அவர் சொன்ன வேறு செய்திகளும் இருந்தன. எண்ணெய்த் தொட்டியில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. உரிமைப் பத்திரத்தின் நகல் வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். வண்டிக்குள் வீட்டுச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

சாவியைக் கொடுப்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஃபெர்ரியில் ஓட்டுநர் வண்டியோடு இருப்பார். கடலைக் கடந்ததும் தாமே ஓட்டிக்கொண்டு இறங்குவார். இங்கே வண்டி ஒரு வழி, உடையவர் வேறு வழி.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை வண்டியைக் காலி செய்தார்கள். குடை, பழைய துண்டு, சில்லறைக் காசு, மகள் கல்லூரிக் காலத்தில் தொலைத்துவிட்டதாக அழுத ஒற்றைக் காதணி எல்லாம் வெளியே வந்தன. முகப்பில் ஒட்டியிருந்த பிள்ளையார் மட்டும் பெயரவில்லை. அவர் சாமான் கணக்கில் வரமாட்டார் என்று மனைவி சொன்னாள். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, விடியுமுன் தந்தையும் மகளும் புறப்பட்டார்கள்.

பாலத்தில் ஏறியதும் அவர் இடப்புறமாகத் திரும்பிப் பார்த்தார். வடக்கே, இன்னும் விலகாத இருட்டில், ஒரு விளக்கு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் உண்டான் என்று தீவுகளின் பெயர் தாங்கிய பழைய கப்பல்கள் இப்போது அங்கே இல்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஃபெர்ரியில் மகிழுந்து ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய கப்பல்கள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மிதிவண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. பினாங்குக்காரர் இன்று தம் மகிழுந்தை அந்த நீரிணையில் மிதக்கவிட நினைத்தாலும் முடியாது. காப்புறுதிப் பத்திரத்தில் மட்டும் அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியே கிள்ளான் துறைமுகம் சேர்ந்தபோது நண்பகலாகிவிட்டது. துறைமுகத்துக்கு வெளியே, முகவரின் வண்டிக் கொட்டடியில் ஓர் இளைஞன் தாளோடு வந்தான். தாளில் மகிழுந்தின் படம் அச்சிட்டிருந்தது. வண்டியைச் சுற்றி வந்து, கண்ட கீறல்களை எல்லாம் படத்தில் குறித்தான். பின்புறத்து வலது மூலையில் இருந்த நசுங்கல் அவன் கண்ணில் படவில்லை. அவரே காட்டினார். மகள் வண்டி பழகிய நாளில், வீட்டு வாசல் தூணில் இடித்தது அது. பின்னால் நின்று, "வரலாம், வரலாம்" என்று கைகாட்டியவர் அவர்தான். ஆயிரமாயிரம் வண்டிகளை ஒரு சாண் கணக்கில் நிறுத்திய கை, தன் மகள் ஓட்டிய வண்டிக்குத் தப்புக் கணக்குப் போட்டது. மகள் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இளைஞன் அந்த இடத்தில் ஒரு சுழி இட்டான். அவர் சாவியைக் கொடுத்தார்.

வண்டியைக் கொள்கலனில் ஏற்றிக் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, வெளியாருக்கு உள்ளே அனுமதி இல்லை என்று பணிவாகவே சொன்னார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பீர்களா, வாரை எங்கே மாட்டுவீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் அவருடைய கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பினாங்குக்குத் திரும்பும் பேருந்தில் இருவரும் அதிகம் பேசவில்லை.

அடுத்த வாரம் மகள் விமானத்தில் போனாள். தீபகற்பத்திலிருந்து போகும் மலேசியரும் சபாவின் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்டியாக வேண்டும். 1963-இல் மலேசியா அமைந்தபோது வந்த ஏற்பாடு அது. வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. பினாங்குக்குரிய 'பி' எழுத்தோடு, 'எஸ்' எழுத்து வண்டிகளுக்கு நடுவே ஓடலாம். அது போய்ச் சேரும் வரை, அவர் காலையும் மாலையும் வானிலை அறிக்கை கேட்டார். ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அங்கிருந்து தென் சீனக் கடல் தெரியாது என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வண்டி வந்துவிட்டது, பேட்டரி மட்டும் இறங்கியிருந்தது, புதிய கீறல் ஒன்றும் இல்லை என்றாள்.

"டயரைப் பார்த்தாயா?"

"டயருக்கு என்ன, அப்பா?"

"வார் இழுத்துக் கட்டிய தடம் இருக்கும். குனிந்து பார், அம்மா."

சிறிது நேரம் ஓசை இல்லை. பின்பு, முன்சக்கரங்கள் இரண்டிலும் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது, பின்சக்கரங்களிலும் இருக்கிறது என்றாள்.

"அப்படியானால் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தார்.