அன்று ராத்திரி நான் செய்த ஜெபம்

"இந்த ஊருக்கு ஓரிக்கைன்னு ஏன் பேர் வந்தது தெரியுமோ நோக்கு?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டபோது, நான் கல்யாணமாகி இங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், தன்னைப் புகழ்ந்து பாடமாட்டேன் என்றதற்காகப் பல்லவ ராஜா அவரை ஊரைவிட்டே போகச் சொன்னானாம். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். அவர் கேட்டுக்கொண்டதும், திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம்! மூவரும் ஓர் இரவு இருந்த இடம்தான் ஓரிக்கை. ராஜா மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பினார்கள். அதனால் அந்தப் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்றே பெயர்.

நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண். ஆனாலும் கதை மனசில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் பொறாமையும்தான். கேட்டதும் கடவுள் எழுந்து வந்துவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? என் ஜெபமெல்லாம் அந்த நாளில் மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும். அவருக்குத் தறிக்கூலி உயரவேண்டும், மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்கக்கூடாது, நாத்தனாருக்கு வரன் அமையவேண்டும்... தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

பையனுக்கு ஒன்றரை வயதிருக்கும். ஐப்பசி அடைமழை. சளி, இருமல், அப்புறம் காய்ச்சல். ஜெபிக்க வந்த ஒரு அம்மாள், "மருந்து கொடுக்கிறது அவிசுவாசம்மா. உபவாசமிருந்து ஜெபி, விட்டுடும்" என்றார். பெயர் வேண்டாம், மனசில் கள்ளம் இல்லாதவர். ஆனால் நான் செய்தேனே ஒரு காரியம்! மருந்து பாட்டிலைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். இவரோ பட்டு கொடுக்கிற முதலாளி வீட்டுக்கும் தறிக்கும் அலைந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லவும் இல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி முழங்காலில் இருந்தேன். குழந்தை அழக்கூட இல்லை. அதைப் பார்த்து, 'சரியாகிவிட்டது, ஸ்தோத்திரம்' என்றுகூட நினைத்தேன், பாருங்கள்! மாமியார் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து சட்டையை விலக்கிப் பார்த்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"ஏம்மா, ரெண்டு நாளா கர்த்தர்கிட்ட நீயே பேசிக்கிட்டிருக்கியே, அவரு என்ன சொல்றாருன்னு கேட்டியா? எழுந்திரு!"

மழையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் ஜெபிக்க முயன்றேன். 'அப்பா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

நிமோனியா. பிராணவாயு, ஊசி என்று ஏழு நாள். அங்கே டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை இளம் தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். இருமுகிற குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதம் நிரம்பி ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40-ம் அதற்கு மேலும் ஆபத்தின் அறிகுறி. நெஞ்சுக்கூட்டின் அடிப்பாகம் உள்ளே இழுத்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், எண்ணிக்கொண்டுகூட இருக்கக்கூடாது.

ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் மாமியார் ஐடா ஸ்கடர் கதையைச் சொன்னார். நம் பாலாற்றங்கரை ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். டாக்டர் வீட்டுப் பெண்ணானாலும் இந்தியாவே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர், அவர் வருகிறேன் என்றார். ஆண் வைத்தியர் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அந்த ராத்திரி தூங்காமல் ஜெபித்துத்தான் டாக்டராவது என்று முடிவு செய்தார். 1899-ல் பட்டம், 1902-ல் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. சி.எம்.சி. என்று நாம் ஓடுகிறோமே, அது அப்படி வளர்ந்ததுதான்.

கேட்க நன்றாயிருந்தது. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்திற்று. அந்த மூன்று வீட்டிலும் யாரும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? பிற்பாடு ஆஸ்பத்திரி வந்தது என்பது அவர்களுக்குப் பதிலாகுமா? மாமியாரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, இந்தத் துன்பம் வேண்டாமே என்று கேட்டாரே! அது நீங்கவில்லையே! ஆனால் அவர் கேட்டார், ஒளிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, பிதாவின் சித்தம் என்று எழுந்து நடந்தார்.

நான் இன்றைக்கும் சீட்டு நீட்டத்தான் செய்கிறேன். விட முடியவில்லை. ஆனால் விடியற்காலையில் தறிச் சத்தம் கிளம்புமுன், கேட்டு முடித்தபிறகு ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார்கிறேன். பாதி நாள் தூங்கி விழுவதுண்டு. சில நாள், போய்ப் பார்க்கவேண்டியவர் முகமோ, கேட்கவேண்டிய மன்னிப்போ மனசில் வந்து நிற்கும். மருந்து பாட்டில் இப்போது பைபிளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் இருமினால் இன்றும் என் கண் விலாப்பக்கம்தான் போகும்.

"அம்மா, எண்ண ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரிக்கிறான்.