துருவேறாக் கம்பி

எவர்சில்வர் என்று நாம் வழங்கும் எஃகு நம் அடுக்களைக்குப் பழையது; கான்கிரீட்டினுள் அது கம்பியாய்க் கிடப்பதை அறிந்தோர் நம்முட் சிலரே. அதனை இங்கு எழுதப் புகுந்தோம்.

கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய படலமொன்றைத் தோற்றுவித்து அதனைக் காத்துவருகிறது. கடலுப்பிலுள்ள குளோரைடு உட்புகுங்கால் அப்படலம் சிதையும், கம்பி துருவேறும். துருவானது தான் தோன்றிய இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதாகலின், உள்ளிருந்தே நெருக்கிக் காரையை வெடிக்கச் செய்யும். கடலோரத்திலுள்ள எம் இல்லத்தில் இதனை நேரிற் கண்டோம். கட்டினோர் உப்பு மணலைக் கழுவாமற் கலந்தனர் போலும்! ஒரு நள்ளிரவில் எம் இளையோன் நீர் பருக எழுந்து சென்ற சிறிது நேரத்தில், அவன் படுத்திருந்த பாயின்மீது தளத்தின் காரை பாளமாய் வீழ்ந்தது. அன்றுமுதல் துரு எமக்கு ரஸாயனப் பாடத்தோடு நின்றுவிடும் பொருளன்று.

எவர்சில்வரில் நூற்றுக்கு 10.5 பங்கேனும் குரோமியம் உண்டு. அதனாலாகும் படலம் கீறப்படினும் தானே மீண்டும் படரும். குளோரைடை நெடிது தாங்கும். மெக்ஸிகோ தேசத்துப் புரோகிரெஸோவில் 1937 முதல் 1941 வரை கட்டிய துறைமேடையில் இவ்வகைக் கம்பியை இட்டனர். 1998-இல் ஆராய்ந்தபோது அது பெரும்பாலும் பழுதின்றி இருந்தது. சாதாரணக் கம்பிகொண்டு பிற்காலத்தில் அதனருகே எழுப்பிய மேடையோ பாழ்பட்டுக் கடலிற் கரைந்துபோயிற்று!

நம் நாட்டுப் பாம்பனும் இதற்குச் சான்று. 1914-இல் திறந்த பழைய இரும்புப் பாலம் உப்புக்காற்றோடு நெடுங்காலம் போராடி, 2022 டிசம்பரில் ரயிலைத் தாங்குவதை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறந்த புதிய பாலத்தில் துருவேறாக் கம்பிகளை இட்டுள்ளனர்.

அங்ஙனமாயின் எங்கும் இதனையே இடலாகாதோ? ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே எழும்பும் தொழிற்சாலைகளைக் காணச் சென்றபோது, உடன்வந்த மாணவரொருவர் இவ்வாறு வினவினார். இதன் விலை சாதாரணக் கம்பியினும் பன்மடங்கு. உப்புக்காற்று எட்டாத அவ்விடத்திலே கெட்டியான கான்கிரீட்டும், கவர் பிளாக் வைத்துத் தூணின் கம்பிக்கு 40 மில்லிமீட்டர் மறைவும் கொடுத்தாற் போதும் என்பது எம் துணிபு. இக்கம்பி வேண்டப்படுவது கடலோரத்துச் சிறு வீடுகளுக்கே. அவற்றைக் கட்டுவோரோ இதனை வாங்க இயலாதவர். கழுவிய மணலையும் அந்தக் கவர் பிளாக்கையுமே அவர்கள் கொத்தனாரிடம் நின்று கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.