இரவல் கோட்

இரவு ஏழு மணிக்குப் பிறகு நுவரெலியா ஹில் கிளப்பின் சாப்பாட்டு அறையில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். கொண்டுவராதவர்களுக்கு கிளப்பே இரவல் தரும். அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு கொழும்புக் குடும்பத் தலைவர் ஒருவர் உள்ளே வருகிறார். தோள் விரற்கடை அளவு சரிந்து நிற்கிறது. கை நுனி பெருவிரலை மூடுகிறது. பின்னால் மனைவி, மகள், சால்வை போர்த்திய அம்மம்மா. மூலை மேசையில் இருக்கும் எனக்கும் இரவல் கோட்தான். என் வயிற்றில் பொத்தான் பூட்டமாட்டேன் என்கிறது அது.

கணப்பில் விறகு எரிகிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கதிரையின் மரக்கைகூடச் சில்லிடுகிறது. வெயிட்டர் வருகிறார். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. இந்த அறையில் அளவெடுத்துத் தைத்தாற்போல் உடுத்தியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

நாளை போயா, முழுநிலா நாள்; நாடு முழுக்க மது விற்பனை இல்லை. குடும்பத் தலைவர் வைன் பட்டியலில் விரலை ஓட்டுகிறார், பெயர்களின் மேல் அல்ல, வலப்பக்க எண்களின் மேல். எல்லாம் கப்பலேறி வந்து வரி கட்டியவை. “மாட்டிறைச்சிக்கு இது பொருந்தும் சார்,” என்று கையுறை ஓரிடத்தைத் தொடுகிறது. அது பட்டியலில் விலை கூடியது அல்ல. சாரின் முகம் தெளிகிறது.

போத்தல் வருகிறது. லேபலைக் காட்டி, தக்கையை இழுத்து, ஒரு மடக்கு மட்டும் ஊற்றிவிட்டு வெயிட்டர் ஓரடி விலகி நிற்கிறார். இவர் கிளாஸைப் பார்க்கிறார், வெயிட்டரைப் பார்க்கிறார். இவ்வளவுதானா என்ற கேள்வி உதடுவரை வந்துவிட்டது. “சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க சார்.” அவருக்கு மட்டும் கேட்கிற குரல். ஒரே மடக்கில் குடித்துத் தலையாட்டுகிறார். பெண்களுக்கு முதலில் ஊற்றப்படுகிறது. அம்மம்மா கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார்.

1876இல் இந்த கிளப் தொடங்கியபோது மலையில் கோப்பி இருந்தது. இலையில் துருநோய் ஏற்கெனவே ஏறியிருந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது; பிறகு வெள்ளைக்காரத் துரைமாரும் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும் சில காலம் இலங்கையர் இங்கே உறுப்பினராக முடியவில்லை. ஆனால் துரைமாருக்கு வீட்டு நினைப்பு வந்தபோதெல்லாம் அதைச் சமைத்துப் போட்டவர்கள் பங்களா அப்புமார். லீக்ஸ் சூப், வாட்டிய மாட்டிறைச்சி, யோர்க்‌ஷயர் புடிங், கரமல் புடிங். துரைமாரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இப்படி இந்த மலையின் கைப்பழக்கமாகிவிட்டது.

அம்மம்மா யோர்க்‌ஷயர் புடிங்கை முள்ளுக்கரண்டியால் குத்துகிறார். உள்ளே காற்று.

“தம்பி, கொஞ்சம் சோறு கிடைக்குமோ?”

பேத்தி மேசை விரிப்பைப் பார்க்கிறாள். “கேட்டுட்டு வர்றேங்கம்மா,” என்கிறார் வெயிட்டர். சற்று நேரத்தில் சோறும் பருப்பும் வருகின்றன. மாட்டிறைச்சிக்குக் காட்டிய அதே ஒழுங்கில், இடப்பக்கம் குனிந்து பரிமாறுகிறார்.

“எந்த இடம், தம்பி?”

“ஹட்டன் பக்கம் ஒரு தோட்டங்க. அம்மா இன்னும் கொழுந்தெடுக்கப் போறாங்க.”

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது 2024 செப்டெம்பரில்தான். மேசையில் பாதி காலியான போத்தலுக்குள் அப்படிப் பல நாள்கள் இருக்கின்றன. அம்மம்மா வேறு ஏதோ கேட்க வாயெடுக்கிறார். போத்தல் கண்ணில் பட, பருப்பைப் பிசையத் தொடங்குகிறார். கையால்தான். வெயிட்டர் ஒன்றும் சொல்லாமல் விரல் கழுவும் கிண்ணத்தை அருகில் நகர்த்திவைக்கிறார்.

பக்கத்து மேசைக்கு ஓர் இளம் தம்பதி வந்து அமர்கிறது. அவனுடைய கோட் முழங்கையில் இறுக்குகிறது. அவர்களுக்கும் போத்தல் திறக்கப்படுகிறது. ஒரு மடக்கு ஊற்றப்படுகிறது. அவன் கிளாஸைப் பார்த்தபடி இருக்கிறான்.

நம் குடும்பத் தலைவர் கதிரையில் சாய்ந்து, நெடுநாள் உறுப்பினரின் குரலில் சொல்கிறார்: “தம்பி, சரியா இருக்கோ எண்டு பார்க்கத்தான் முதல் கொஞ்சம் விடுவினம். இஞ்ச அதுதான் வழக்கம்.”

“ஆமாங்க சார்,” என்கிறார் வெயிட்டர்.