என் மிஷின்ல ஓடுதே சார்!

நம்ம லேப்பில் இந்த வசனம் கேட்காத நாளில்லை, நண்பர்களே! டெபியன் லினக்ஸில் அது செல்லாது. வெளியீட்டுக்கு முன்பே பேக்கேஜ்களை எல்லாம் அத்தியாவசியம் மட்டும் உள்ள ஒரு வெறும் சிஸ்டத்தில் வைத்து, சோர்ஸிலிருந்து தானாகவே மறுபடி கம்பைல் செய்ய விடுகிறார்கள். பட்டியலில் சொல்லாமல் விட்ட லைப்ரரி உடனே மாட்டிக்கும். எங்க புராஜெக்டையும் புதுசா லினக்ஸ் போட்ட மிஷினில் இப்படித்தான் சோதிக்கிறோம்.

2020-ல் ஜிசிசி 10 வந்தப்போதான் கூத்து! ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' போடாமல் குளோபல் வேரியபிள் எழுதி, அதை ரெண்டு சி ஃபைலில் சேர்த்தால் பழைய ஜிசிசி கண்டுக்காது. புதுசில் லிங்க் ஆகாமல் நின்றுவிடும். வருஷக்கணக்கா ஓடின பல புரோகிராம்கள் இப்படி விழுந்தன. பிழை அறிக்கைகள் பறந்தன. திருத்தாத பேக்கேஜுக்கு, 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-ல் இடமில்லை என்பது விதி. கொடுமைதான். ஆனால் கம்பைலே ஆகாத பேக்கேஜில் நாளைக்கு ஒரு செக்யூரிட்டி ஓட்டை வந்தா, எப்படி அடைக்கிறது?